இரு, அவள் போகட்டும்

ஒஸ்லோ, செப்டம்பர் 28

ஓட்வார்,

உன் தொலைபேசியில் என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. காகிதத்தை முடக்க முடியாது என்பதால் தபால்தலை வாங்கி ஒட்டுகிறேன். கடிதத்தை 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டேன், கவனித்திருப்பாய்.

தின்கா கடித்துவிட்டாள்.

மேல்மாடி யூருனை. வலது மணிக்கட்டில், தையல் போடும் அளவுக்கு. ஊரில் எத்தனையோ கைகள் இருக்க, ஒரு பல் டாக்டரின் வேலை செய்யும் கையைத்தான் நம் நாய் தேடிப் பிடித்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை. நான் வழக்கம்போலக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். படிக்கட்டில் சத்தமில்லை. திறந்து வெளியே வந்தால், அந்த அம்மாள் நம் வாசலுக்கு நேர் எதிரே குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "அடடே, ஆளுங்க இருக்காங்களா உள்ள! எம்மாம் நாளாச்சு பாத்து!" என்று கையை நீட்டினாள். நான் தின்காவின் கழுத்துப்பட்டையை இழுத்துப் பிடித்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவு.

மறுநாள் போலீசிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், காபி குடித்தார். யூருன் புகார் கொடுக்கவில்லையாம், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. நாய் நம் இருவர் பெயரிலும் பதிவாகியிருப்பதால் இருவருமே எழுதித் தர வேண்டும். இந்த நாய் பிறவியிலேயே இப்படியா, இல்லை வளர்ப்பில் வந்ததா என்று. பிறவிக் குணம் என்று தெரிந்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். வளர்ப்பு என்றால் யோசிப்பார்களாம்.

அதனால் உண்மையை எழுது. தோல்வாரை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடப்பது யார்? தெருமுனையில் ஒரு ஆள் தலை தெரிந்தாலே வாரைச் சுண்டி இழுத்து, எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குத் தாண்டுவது யார்? ஆறு வருடம் அவள் கழுத்தில் நீ தந்தி அடித்தாய்: 'ஆள் வருகிறான், ஆபத்து, ஆள் வருகிறான், ஆபத்து.' அவள் பாடத்தை ஒழுங்காகப் படித்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அடுத்த மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்பு.

விக்டிஸ்


வாட்ஸோ, அக்டோபர் 8

விக்டிஸ்,

கடித்தது தின்கா, குற்றவாளி நான். கல்யாணமான நாளிலிருந்து உன் தீர்ப்பு மாறவே இல்லை, இதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

நான் வாரைச் சுற்றிப் பிடித்தேன். ஒப்புக்கொள்கிறேன். முப்பது கிலோ வேட்டை நாயை நூல் பிடிப்பது போலவா பிடிப்பார்கள்? ஆனால் உன் கோட்டுப் பையைப் பற்றி ஏன் எழுதவில்லை? ஈரல் விழுது தடவிய ரொட்டித் துண்டுகள், துணிக்கடைக்குப் போனாலும் அந்தக் கோட்டு நாறும். தின்கா ஒரு குரை குரைத்தால் போதும், உன் கை பைக்குள் போய்விடும். "இந்தா கண்ணு, சத்தம் போடாத, எல்லாரும் பாக்குறாங்க." அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? ஆளைப் பார், குரை, ஈரல் தின்னு. என் தந்திக்கு உன் மணியார்டர்.

பிறகு, கதவு. அதைப் பற்றி நீ ஒரு வரியில் 'வழக்கம்போல' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். படிக்கட்டில் காலடி கேட்டதும் என் சட்டையைப் பிடித்து "இரு, அவ போகட்டும்" என்று சொன்னது யார்? கதவுத் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றது யார்? நாய்க்கு மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும், நீ துளையை விட்டு நகர மாட்டாய்.

ஒன்று மட்டும் உனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனால் அவள் ஒருவரையும் குரைத்ததில்லை. இரண்டு கையிலும் கம்பு ஊன்றிக்கொண்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பூதம் மாதிரி ஆட்கள் வருவார்கள், வாலை ஆட்டுவாள். அப்போதே சொன்னேன், இது நகரத்துக் கோளாறு, கார் புகை, டிராம் சத்தம் என்று. அதனால்தானே வாரம் இரண்டு முறை காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்? நீ வந்தாயா, எப்போதாவது வந்தாய்.

நான் எதுவும் எழுதித் தரப்போவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சோபா கேட்டேனா? படகு கேட்டேனா? தின்காவை மட்டும் கேட்டேன். "அவளுக்கு இந்த வீடுதான் பழக்கம்" என்றாய். நல்ல பழக்கம்தான், பலனை நீயே அனுபவி.

இங்கே வடகோடியில் வேலை பரவாயில்லை. விமான நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆட்கள்தான் தாங்க முடியவில்லை. கடையில் பால் எடுப்பதற்குள் மூன்று பேர் என் முதுகுவலியை விசாரிக்கிறார்கள். என் முதுகுவலி இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஓட்வார்


ஒஸ்லோ, அக்டோபர் 16

ஓட்வார்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்புமேடையில் போட்டு வைத்திருந்தேன். கிழிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் சில்யே வந்துவிட்டாள், அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

சில்யே என்பது நாயைச் சோதித்துச் சொல்லப் போலீஸ் அனுப்பிய பெண். சின்ன வயது, மூக்கில் வளையம். வந்ததும் தின்காவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு வாரை வாங்கிக்கொண்டு தனியாகக் கீழே போனாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். தள்ளுவண்டிக் குழந்தை, சைக்கிள், எதிர்வீட்டுக்காரரின் அந்தக் கத்தும் குட்டிநாய், எல்லாவற்றையும் தாண்டி நம் தின்கா ஏதோ மளிகை வாங்கப் போகிறவள் மாதிரி நடந்து போனாள். வார் தொட்டில் போலத் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் சன்னலை விட்டு நகரவே இல்லை. சந்தோஷத்தில் இல்லை, பொறாமையில்.

பிறகு என்னைக் கீழே வரச் சொல்லி வாரை என் கையில் கொடுத்தாள். பத்தடி போகவில்லை, தபால்காரர் வந்தார். தின்கா வெறி பிடித்தவள் போல எகிறினாள்.

"நீங்க இப்ப என்ன செஞ்சீங்க, தெரியுதா?" என்றாள் சில்யே.

"ஒண்ணும் செய்யலியே."

"அதத்தான் சொல்றேன். மூச்சுகூட விடல. கல்லு மாதிரி நின்னுட்டீங்க. உங்களுக்கே இவ்வளவு பயம்னா, நாய் பாவம் என்னதான் செய்யும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காட்டில் இவள் பூனைக்குட்டி மாதிரி இருப்பாள், இது நகரத்துக் கோளாறு என்று சொன்னேன். உன் வசனம்தான். அவள் உடனே "வாங்க, போயிப் பாப்போம்" என்று மெட்ரோவில் ஏற்றிவிட்டாள். ஏரிக்கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தோம். எதிரே வயதான தம்பதி. "ஹெய்" என்றேன். பின்னால் ஓடி வந்த ஒருவன். "ஹெய்" என்றேன். குழந்தையை முதுகில் சுமந்த ஒரு பெண்ணிடம் "இன்னைக்கு நல்ல வெயில், இல்ல?" என்றுகூடச் சொன்னேன். தின்கா புல்லை மோந்துகொண்டே வந்தாள்.

சில்யே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்தாள். "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏன் ஹெய் சொன்னீங்க?"

"காட்டுல எல்லாரும் சொல்றதுதானே."

"தெருவுல?"

தெருவில் யார் சொல்வார்கள், ஓட்வார்? நாம் மட்டுமா, இந்த ஊரில் எவர்தான் சொல்கிறார்கள்? நகரத்தில் வணக்கம் சொன்னால் குடிகாரன் என்று நினைப்பார்கள், காட்டில் சொல்லாவிட்டால் கொலைகாரன் என்று நினைப்பார்கள். நாம் அப்படி வளர்ந்தவர்கள். கார் புகையும் இல்லை, டிராமும் இல்லை. காட்டில் நாம் வாயைத் திறந்தோம், அவள் நிம்மதியாக இருந்தாள். தெருவில் வாயை மூடினோம், அவள் நமக்குப் பதிலாகக் கத்தினாள். இதைக் கண்டுபிடிக்க நமக்கு ஆறு வருடமும் ஒரு மூக்குவளையமும் தேவைப்பட்டன.

படிக்கட்டுக் கதையை நான் ஒரு வரியில் தாண்டிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சரி, முழுதாகவே சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஈஸ்டர் சமயத்தில் நீ தட்டை எறிந்த இரவு. நானும் எறிந்தேன், தெரியும். மறுநாள் யூருன் இலவங்கப்பட்டை ரொட்டி எடுத்துக்கொண்டு வந்து, "எல்லாம் சரியா இருக்கா? சத்தம் கேட்டுச்சு, அதான்" என்று கேட்டாள். நீ "டிவி" என்றாய். நான் "டிவி" என்றேன். அந்த ரொட்டியை நாம் தின்னவில்லை, குப்பையில் போட்டோம். அன்றிலிருந்துதான் கதவுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தோம். நீ கழுத்துப்பட்டையைப் பிடிப்பாய், நான் துளையில் கண் வைப்பேன், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் காலடி கீழே இறங்கி மறையும் வரை நிற்போம்.

நேற்று ஒன்று தோன்றியது, சொன்னால் உனக்குக் கசக்கும். கடைசி மூன்று வருடத்தில் நீயும் நானும் வாக்குவாதம் இல்லாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

சில்யே பிறவிக் குணம் இல்லை என்று எழுதப்போகிறாள். ஆனால் உரிமையாளர்கள் சொல்வதும் வேண்டுமாம். எழுது, ஓட்வார். கேட்பது எனக்காக இல்லை.

விக்டிஸ்


வாட்ஸோ, அக்டோபர் 25

விக்டிஸ்,

எழுதி அனுப்பிவிட்டேன். 'குறை நாயிடம் இல்லை, எங்கள் இருவரிடம்' என்று. இருவரிடம் என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், நீ ஒருத்தி தப்பித்துவிடக் கூடாது.

அந்த ரொட்டியை நான் குப்பையில் போடவில்லை. நீதான் போட்டாய். நான் குளியலறையில் போய் ஒன்று தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று, தின்காவை இங்கே அனுப்பிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விமானச் செலவு என்னுடையது, கடற்கரை இருக்கிறது, ஆள்நடமாட்டம் குறைவு என்று பாதிக் கடிதம் எழுதியும்விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். காரணத்தைச் சொல்லாமல் விடலாம். ஆனால் நீ எப்படியும் என்னைக் கோழை என்பாய், தெரிந்துகொண்டே சொல்.

கீழ்வீட்டு மீன்காரன் ஹெர்லெய்க்குக்குக் கோடையில் காலில் அடி. அவன் நாயை நடத்திக் கூட்டிப்போக ஆளில்லை என்றான். பழுப்பு நிற லாப்ரடார், ஊரில் எல்லோர் மடியிலும் தலை வைக்கும் ஜாதி. நான் ஏற்றுக்கொண்டேன். ஜூலையிலிருந்து தினமும் காலை, மாலை. யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் இருக்கத் துறைமுகத்துப் பின்பாதையாகத்தான் போவேன். அப்படியும் யாராவது எதிரே வந்து கேள்வி கேட்பார்கள். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அது தபால்காரியைப் பார்த்து உறுமியது. அடுத்த வாரம் ஹெர்லெய்க்கின் சொந்தத் தங்கையைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

ஹெர்லெய்க் வாசலுக்கே வந்துவிட்டான், ஊன்றுகோலோடு. "யோவ், என்னய்யா பண்ணுன என் நாய? எட்டு வருஷமா ஒரு ஈயக்கூட அது வெரட்டுனதில்ல!" சுற்றிலும் நாலு பேர் நின்று கேட்டார்கள். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அன்றைக்கு அதை உண்மை என்றுதான் நம்பினேன். அவன் வாரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். உன் சில்யே சொன்னதைப் படித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் இரண்டு கோடு, வார் அழுத்திய தடம், இன்னும் போகவில்லை.

இப்போது அந்த நாய் பழையபடி எல்லோர் மடியிலும் தலை வைக்கிறது. என்னைப் பார்த்தால் மட்டும் ஹெர்லெய்க்கின் காலுக்குப் பின்னால் போய்விடுகிறது.

அதனால் தின்காவை என்னிடம் அனுப்பாதே. எனக்கு அவள் வேண்டும், ஒவ்வொரு நாளும் வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் சாகவும் விடாதே. உன்னிடம் நான் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

ஓட்வார்


ஒஸ்லோ, நவம்பர் 7

ஓட்வார்,

ஊசி இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நிபந்தனை இருக்கிறது. தின்கா வேறு வீட்டுக்குப் போக வேண்டும், உன் வீட்டுக்கும் இல்லை, என் வீட்டுக்கும் இல்லை. மாதக் கடைசிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் ஊசிதான். என் அலுவலகத்தில் கேட்டேன், என் அண்ணனிடம் கேட்டேன், விளம்பரம்கூடப் போட்டேன். 'கடித்த நாய்' என்றதும் எல்லோருக்கும் திடீரென்று ஒவ்வாமை வந்துவிடுகிறது.

முந்தாநாள் சாயங்காலம் படியில் காலடி. நான் விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். ஆம், எல்லாம் தெரிந்த பிறகும்தான். காலடி கீழே போகவில்லை. நம் வாசலில் நின்றது. மணி அடிக்கவில்லை, தட்டவும் இல்லை. யூருன் கதவோடு பேசினாள்.

"வெளக்க அணைச்சுட்டா வீட்டுல ஆளில்லன்னு ஆயிருமா? மூணு வருஷமா இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு, நான் எப்ப ஒழிவேன்னு காத்துக் கெடந்தீங்களே ரெண்டு பேரும். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களாக்கும்? நாய் மூக்க உறிஞ்சுறது மாடி வரைக்கும் கேக்கும்! எங்க ஊர்ல இப்படி ஒருத்தர் செஞ்சா, செத்துக் கித்துப் போயிட்டாங்களான்னு கதவ ஒடச்சிருவாங்க. நான் ஒடைக்கல. ஒஸ்லோக்காரங்க இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

நான் மூச்சுக்கூட விடவில்லை. தின்கா என் கையில் விறைத்து நின்றாள்.

"அந்த நாய எனக்குக் குடுத்துரு. அது மேல எனக்குக் கோவமில்ல. இத்தன நாளா நான் யாரோ பிசாசுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, பிசாசு திடீர்னு கைய நீட்டுனா கடிக்காம முத்தமா குடுக்கும்? கோவமெல்லாம் உங்க மேலதான். அதையும் சொல்லிடணும்ல, சொல்லிட்டேன்."

கடிபட்டவளே வந்து கேட்கிறாள். கதவைத் திறந்தேன். அவள் மணிக்கட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குப் பதில் 'அவளுக்கு மீன் தோல் ஒத்துக்காது' என்று சொன்னேன். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று தெரியும், நினைத்துக்கொள்.

யூருன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டவில்லை. தின்காவிடம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள், பனி, பஸ், யாரோ ஒருவனின் சொத்தைப் பல். தின்கா மெல்லப் போய் அவள் முழங்கால் அருகே படுத்தாள். நான் வாரைக் கழற்றிக் கொடுத்தபோது யூருன் வேண்டாம் என்றாள். புது வார் வாங்கியிருக்கிறாளாம். பழையது இங்கே ஆணியில் தொங்குகிறது.

உன்னைக் கேட்காமல் செய்தேன். உனக்கு எழுதி நீ பதில் எழுதுவதற்குள் மாதக் கடைசி நெருங்கிவிடும். தொலைபேசியை நீ முடக்கியிருக்காவிட்டால் கேட்டிருப்பேன். இல்லை, கேட்டிருக்க மாட்டேன்.

விக்டிஸ்


வாட்ஸோ, நவம்பர் 15

விக்டிஸ்,

கொடுத்துவிட்டாய். நாம் பேச்சுக் கொடுக்காமல் மூன்று வருடம் ஒளிந்த அதே ஆளிடம். இதற்குப் பேசாமல் அந்த ரொட்டியைத் தின்றிருக்கலாம், எல்லோருக்கும் செலவு மிச்சமாகியிருக்கும்.

கோபமாக எழுத நினைத்தேன், வரமாட்டேன் என்கிறது. அவள் உயிரோடு இருக்கிறாள், நீ செய்ததுதான் சரி. இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் காட்டாதே.

உன் எண்ணின் முடக்கத்தை எடுத்துவிட்டேன். கூப்பிடு என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. இன்னும் குரைக்கிறாளா?

ஓட்வார்


ஒஸ்லோ, டிசம்பர் 12

ஓட்வார்,

நான் கூப்பிடவில்லை. நம் குரல்கள் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். எழுத்திலேயே இருப்போம்.

உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

தினமும் காலையில் அவர்கள் இறங்கிப் போவது எனக்குக் கேட்கும். யூருன் ஒவ்வொரு தளத்திலும் யாரையாவது பிடித்துக்கொள்கிறாள். "ஹெய்! குழந்தைக்கு இருமல் போச்சா?" "ஹெய்! என்னய்யா, மீசையக் காணோம்?" முதலில் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இப்போது பதில் சொல்கிறார்கள். இரண்டாம் மாடியில் அந்த முறைத்த முகக்காரர், அவர் பெயர் நமக்குக் கடைசி வரை தெரியாது, ஆஸ்லாக்காம், அவர் தின்காவுக்கு எலும்பு வாங்கி வைக்கிறார். சன்னலிலிருந்து பார்க்கிறேன். வார் தளர்ந்து தொங்குகிறது. சைக்கிள் போகிறது, குட்டிநாய் கத்துகிறது, தின்கா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாரையும் குரைப்பதில்லை, ஓட்வார்.

இத்தோடு நிறுத்திக் கடிதத்தை ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் உனக்கு மட்டும் ஏன் நல்ல செய்தி?

போன சனிக்கிழமை நான் ஒரு முடிவோடு இருந்தேன். ஒளியக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று 'ஹெய்' சொல்லிப் பார்த்தேன், இந்த வயதில். அவர்கள் திரும்பி வரும் காலடி கேட்டதும் கதவைத் திறந்து நடுப்படியில் போய் நின்றேன். யூருன் கீழே திரும்புமிடத்தில் வந்தாள், கூடவே தின்கா, காதில் பனித்துகள், வாய் சிரித்தபடி. சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை.

தின்கா நின்றாள். முதுகு மயிர் எழுந்தது. பிறகு குரைத்தாள். படிக்கட்டு முழுதும் அதிரும் அந்தப் பழைய குரல், எச்சில் தெறிக்க, என்னைப் பார்த்து.

"ஏ, ஏ, என்னாச்சு உனக்கு!" என்றாள் யூருன். வாரை இழுக்கவில்லை, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரையும் இப்படிக் கத்துறதில்லையே இவ. நீ ஒரு வார்த்த பேசும்மா, அடங்கிருவா. சும்மா பேரச் சொல்லேன்."

எனக்கு அந்தப் பெயர் வரவில்லை. நான் வைத்த பெயர். திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தியதும் அவள் குரைப்பது நின்றுவிட்டது. உடனே நின்றுவிட்டது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இந்தக் கட்டடத்தில் அவள் குரைப்பது என்னை ஒருத்தியைத்தான். நீ வந்தால் உன்னையும் குரைப்பாள். வராதே.

இப்போது மறுபடியும் அவர்கள் இறங்கும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். காலடி நம் வாசலுக்கு வந்ததும் ஒரு நிமிடம் மெதுவாகிறது. கதவடியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் கை தானாகக் கீழே போய்க் கழுத்துப்பட்டையைத் தேடுகிறது. பிறகு யூருன் "வாடி செல்லம், போலாம்" என்கிறாள். அவர்கள் போகும் வரை நான் மூச்சு விடுவதில்லை.

விக்டிஸ்